கதவிலிருந்து மறுபடியும்

"ஏ புள்ள, உள்ள வாறியா, வெளிய போறியா? ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணு. குளிரு பூராவும் வீட்டுக்குள்ள வந்திருச்சு!"

அடுப்படியில் குந்தியிருந்த அவள் புருஷன் வீரய்யா கத்தினான். இராக்கம்மா காதில் வாங்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்களின் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைத் திறந்து, "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்றாள். சாத்திவிட்டு, "ஐ ஆம் குளோஸிங் தி டோர்" என்றாள். நொண்டி நொண்டி நடந்து, "ஐ ஆம் வாக்கிங்" என்றாள். மணைக்கட்டையில் உட்கார்ந்து, "ஐ ஆம் சிட்டிங் ஆன் தி சேர்" என்று முடித்தாள்.

"அது மணைக்கட்ட. சேர் இல்ல."

"டீச்சர் வீட்டுல சேர் இருக்கு. இங்க இதான் சேர்."

"பக்கத்துக் காம்பரா வேலாயி, ஒனக்குப் பேய் புடிச்சிருக்கு, கோடாங்கிய கூட்டியாரட்டுமாங்குறா."

"வரச் சொல்லுங்க. அவரும் நாலு வார்த்த இங்கிலீஸ் படிச்சுக்கட்டும்."

வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் மேடு ஏற மறுத்தது. மலை ஏற முடியாதவளின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்கள். மேடு ஏறாமல் பார்க்கக்கூடிய ஒரே வேலை, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைக் கவனிக்கிற பிள்ளைக்காம்பரா ஆயா வேலை. அதைக் கேட்கப் போனபோதுதான் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சீமையிலேருந்து தொரைக்குப் புதுப் பொஞ்சாதி வந்திருக்காங்கல்ல, பிள்ளைக்காம்பரா இனிமே அந்தத் தொரசாணி பொறுப்பு. நடுவுல நான் நின்னு மாத்திச் சொல்றது வேணாமாம். ஆயாகிட்ட அவங்களே நேராப் பேசணுமாம். ஒனக்கு இங்கிலீஸ் வருமா?"

"வர வச்சிர்றேங்க ஐயா."

சொல்லிவிட்டாள். வர வைக்க வேண்டுமே! ஹல்துமுல்லையில் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனாள். அங்கே பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அஸீஸ் முதலாளியின் மனைவி ஸித்தி ஸுபைதா டீச்சர், பயிற்சிக் கல்லூரியில் ஏதோ புதுமுறை படித்து வந்தவர். புத்தகம் கிடையாது, எழுத்து கிடையாது. எழுத்தே அறியாத இராக்கம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. செய்துகொண்டே சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒரு சொல் பிசகினால் டீச்சர் வாயைத் திறக்கமாட்டார்; விரலை நீட்டிக் கதவைக் காட்டுவார். திரும்பிப் போய்க் கதவைத் திறப்பதிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

படிப்புச் சம்பளத்துக்குப் பதிலாக ஞாயிறுதோறும் இராக்கம்மா டீச்சரின் கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தாள்.

ஒரு ஞாயிறு, கதவுக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து கால் வலித்து, அழுதேவிட்டாள்.

"என் மண்டையில ஏறாது டீச்சர். என்னைய மாதிரி மக்கு எங்கயும் இருக்க மாட்டா."

"யார் சொன்னது? புதன்கிழமையில ஒரு பொண்ணு படிக்க வருது. அது உங்கள விட மோசம். போன கிழமை, நாற்காலியைக் குடிக்கிறேன்னு சொல்லுது."

"குடிச்சிருச்சா!" இராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெறகு?"

"பெறகென்ன, கதவுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து மறுபடியும் குடிச்சிச்சு."

அன்று முதல் அந்தப் புதன்கிழமைக்காரிதான் இராக்கம்மாவுக்குத் தெம்பு. போனதும் முதல் வேலையாக, "புதன்கிழமை எப்பிடிங்க டீச்சர்?" என்பாள். "இன்னும் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்குது" என்பார் டீச்சர். யாரோ முதலாளி வீட்டு மருமகள், பொழுது போகாமல் இங்கிலீஸ் படிக்கிறாள், பாவம் என்று இராக்கம்மா நினைத்துக்கொள்வாள்.

ஆயா வேலைக்கு ஆள் பார்க்கும் நாள் வந்தது. கிளாக்கர் பிள்ளைக்காம்பரா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே, கொழுந்தெடுக்கப் போன யாரோ விட்டுப்போன, வீறிட்டு அழும் ஒரு குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்தபடி துரைசாணி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுதான், முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

இராக்கம்மாவுக்குப் படித்ததெல்லாம் மறந்து போயிற்று, ஆரம்பத்தைத் தவிர. ஆகவே ஆரம்பத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"ஐ ஆம் ஓப்பனிங் தி டோர். ஐ ஆம் குளோஸிங் தி டோர். ஐ ஆம் வாக்கிங்." எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐ ஆம் சிட்டிங் ஆன் தி சேர்."

"அடி பாவி, எந்திரிடி!" என்றார் ஜன்னலுக்கு வெளியே கிளாக்கர். அந்தத் தோட்டத்தில் துரைசாணிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்ததில்லை.

பதறி எழுந்தவள், அதே வேகத்தில், "ஐ ஆம் டேக்கிங் தி பேபி" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை விக்கி, அடங்கி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அதற்கு மேல் அவளிடம் இங்கிலீஸ் இல்லை.

துரைசாணி திறந்த வாய் மூடாமல் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

'போச்சு. தொர கிட்ட சொல்லத்தான் போறாங்க. உக்காந்தது தப்பு' என்று இராக்கம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

கதவு மெல்லத் திறந்தது.

"நான் கதவைத் திறக்கிறேன்," என்றார் துரைசாணி, திக்கித் திக்கி, தமிழில். "நான் கதவைச் சாத்துகிறேன். நான் நடக்கிறேன். நான் உனக்கு வேலை கொடுக்கிறேன்." பாவாடையைச் சரிசெய்துகொண்டு பெருமையாக உட்கார்ந்தார். "நான் நாற்காலியைக் குடிக்கிறேன்."

சொன்ன மறுகணமே உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து, யாரும் விரலை நீட்டாமலே, மறுபடியும் கதவை நோக்கி நடந்தார்.