உப்புப் பூத்த தளம்

மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தவள், சுட்டதும் படிக்கே பின்வாங்கினாள்.

பெயின்ட் கடையிலிருந்து வந்த ஜெயசீலன் சிரித்தார். "பகலெல்லாம் தளம் வெயிலைக் குடிக்கும்மா. ராத்திரி அதை அப்படியே கீழ எறக்கும். அதான் உங்களுக்குத் தூக்கம் வரல."

வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் இப்படியொரு சித்திரையை அவள் கண்டதில்லை. மெத்தை கொதிக்கிறது. மின்விசிறி அனலை வாரி இறைக்கிறது.

போன வருடம் இப்படியில்லை.

போன வருடம் அவள் வீட்டுக்காரர் இருந்தார்.

இருந்தார் என்றால், முன்னறையில் இருந்தார். அவள் பின்னறையில். ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்ற தகராறில் பேச்சு நின்றது. யார் முதலில் பேசுவது என்ற வீம்பில் நின்றே போனது. அவள் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைப்பாள். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். அவ்வளவுதான் குடித்தனம்.

மாசியில் அவர் போய்ச் சேர்ந்தபோதும் ஒரு சொல் இல்லை.

சாயங்காலமானால் மோட்டாரைப் போட்டுவிட்டு மாடியேறிவிடுவார். தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ஓடுகிறார் என்று சுவரிடம் சொல்லிக்கொள்வாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவள் மேலே வந்ததே இல்லை.

ஜெயசீலன் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஓடு பதித்தால் நாள்பட உழைக்கும், ஆனால் பழைய தளத்துக்குப் பாரம். உள்ளே தெர்மாகோல் கூரை போட்டால் அறையில் சூடு குறையும், தளம் கொதித்துக்கொண்டேதான் கிடக்கும்.

வெள்ளைப் பூச்சே போதும் என்றாள். ஒண்டிக்கட்டைக்கு வீடு முழுக்க எதற்கு? தன் அறைக்கு மேலே மட்டும்.

ஜெயசீலன் குனிந்து தளத்தை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"இந்த உப்பை எடுத்தாத்தான் பெயின்ட் புடிக்கும். போர் தண்ணி காஞ்ச உப்பு. யாரும்மா இங்க தெனம் தண்ணி ஊத்துனது?"

அப்போதுதான் அவள் பார்த்தாள்.

பின்னறைக்கு மேலே தளம் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. தொட்டியடியில் ரப்பர் குழாய் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

முன்னறைக்கு மேலே உப்பே இல்லை. தளம் கறுத்து வெடித்திருந்தது.

கோடை முழுக்க அவர் கட்டிலை விட்டு வெறுந்தரையில் படுப்பார், மார்பில் ஈரத்துண்டு. கதவிடுக்கில் அவள் பார்த்திருக்கிறாள். அதையும் வீம்பு என்றே நினைத்தாள்.

பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் சுட்டது. கையை எடுக்கவில்லை.

ஜெயசீலன் அளவு நாடாவை இழுத்தார். "உங்க ரூமை அளந்துரட்டுமா?"

"இங்க வேணாம்." முன்னறைப் பக்கம் கையை நீட்டினாள். "அதுக்கு மேல அடிங்க."

"அங்க யாரும்மா படுக்குறாங்க?"

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.