வழிவிடாத வண்டி

"வழி விடுறானா பாருங்க, படுபாவி!"

அமிர்தவல்லி ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். முன்னால் போன கறுப்பு டாக்சி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் ஜானகிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு சுத்து முடிஞ்சுது. பாக்கி ரெண்டு. ஒம்பது நிமிஷம்தான் இருக்கு."

"எனக்கும் எண்ணத் தெரியும். கான்வென்டுல அதையும் சொல்லிக் குடுத்தாங்க."

புதுச்சேரிக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானம். தார் டிரம்களை வளையமாக நிறுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர்களுக்கென்று மோட்டார் கிளப் ஒரு நாள் தேர்வு நடத்துகிறது. பந்தயமில்லை. இருபது நிமிஷத்துக்குள் ஐந்து சுற்று, டிரம்மில் இடிக்காமல் முடித்தால் போதும். தேறினதாகக் கிளப் ஒரு சீட்டு எழுதித் தரும்.

சீட்டுதானே என்று அமிர்தவல்லியால் இருக்க முடியாது. ஜானகிராமனுக்குக் கால் ஒடிந்ததிலிருந்து கார் ஷெட்டில் தூங்குகிறது. கடலூர்க்காரர் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். காலையில் மைதானத்தில் இறங்கும்போதே நாலு பேர் காதில் விழும்படி ஜானகிராமன் சொல்லிவிட்டார்:

"சீட்டு வாங்கினா வண்டி உனக்கு. இல்லேன்னா நாளைக்கே கடலூருக்குப் போயிடும்."

பாகூரில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். போய்ப் பார்த்துவர, யார் வண்டி கொடுப்பார்கள் என்று இன்னும் எத்தனை வாசலில் பல்லைக் காட்டுவது?

வளைவு வந்தது. ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கியது. தன் கை நடுக்கம்தான் என்று நினைத்தாள். கணவர் பார்த்துவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்சியின் இடது பக்கத்தில் ஒரு கை நீண்டது. மேலும் கீழுமாக ஆடியது.

"பாத்தீங்களா, கூட்டத்தப் பாத்துக் கையாட்டுறான்! ராஜா ஊர்வலம் போறாரு!"

"சிக்னல் காட்டுறானோ என்னமோ..."

"வலது கைய நீட்டினா சிக்னல். இது திமிரு."

"அது பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி அமிர்தம். ஸ்டியரிங் இடது பக்கம்தானே..."

"நீங்க மணியப் பாருங்க!"

நேர்ப்பாதை வந்ததும் வலது பக்கமாக ஒடித்து முந்தப் பார்த்தாள். டாக்சியும் வலது பக்கம் வந்து அடைத்தது. இடது பக்கம் திருப்பினாள். அங்கேயும் அடைத்தது. பிரேக்கில் ஏறி நின்றாள். டிரம்முக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. ஜானகிராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொம்பள பின்னாடி வந்து முந்திட்டா இவன் மீசை உதிர்ந்துடுமோ?"

டாக்சி ஆமையாக ஊர்ந்தது. வேறு வழியில்லாமல் அவளும் ஊர்ந்தாள். ஐந்தாவது சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியபோது மிச்சமிருந்தது அரை நிமிஷம்.

இறங்கினதும் நேராகக் கிளப் மேஜைக்குப் போனாள். கிளப் காரியதரிசி தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி நாலு வருஷமாகியும் அவர்கள் தொப்பியை இவர் தலையிலிருந்து இறக்கவில்லை.

"அந்த டாக்சிக்காரன் வேணும்னே வழிய மறிச்சான். கேக்க ஆளில்லையா இங்க?"

"நானும் பாத்தேன், மதாம்." அவர் கையைத் தட்டினார். "கலியமூர்த்தி! இங்க வா."

டாக்சிக்காரன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"மூணு தரம் ஹாரன் அடிச்சா வழி விடணும்னு சட்டம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ங்க."

"அப்புறம் ஏன் மறிச்சே?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தான். அமிர்தவல்லியைப் பார்த்தான். மேஜைமேல் அவள் பெயர் எழுதி, இன்னும் கையெழுத்துப் போடாமல் கிடந்த சீட்டைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லேன், எதையாவது சொல்லேன்!" என்றாள் அமிர்தவல்லி.

"ஒண்ணுமில்லீங்க."

தெய்வசிகாமணி சிவப்புப் பென்சிலால் அவன் பெயரை அடித்தார்.

"ஐயா, நான் டாக்சி கழுவுறவன்ங்க, இப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். அந்தச் சீட்டக் காட்டினாதான் நாளைக்கு மில்லுல டிரைவர் வேல குடுப்பாங்க. ஓனர்கிட்ட கால்ல வுழுந்து வண்டிய வாங்கியாந்தேன்..."

"மறிக்கும்போது அந்த நெனப்பு இருந்திருக்கணும். போ, போ."

நன்றாக வேண்டும் என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது. அடுத்த நொடி தெய்வசிகாமணி அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜானகிராமன் முகத்துக்கு நேரே அதை ஆட்டிக் காட்டினாள். அவர் சிரித்தபடி சோடா வாங்கப் போனார்.

சீட்டோடு காருக்குத் திரும்பினவள் திடுக்கிட்டு நின்றாள்.

முன்சக்கரத்துக்கு எதிரில் கலியமூர்த்தி குந்தியிருந்தான்.

"எழுந்திருடா! சீட்டு போன ஆத்திரத்துல டயர்ல காத்தப் புடுங்குறியா? கூப்பிடவா கிளப்பு ஐயாவ?"

"கத்தாதீங்கம்மா. அவரு காதுல வுழப்போவுது."

கையிலிருந்த ஸ்பேனரை மூச்சைப் பிடித்து இன்னொரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தான்.

"சக்கரத்து நட்டு அத்தனையும் லூசு. ரெண்டாவது சுத்துலயே என் கண்ணாடியில பாத்தேன், வளைவுல சக்கரம் தனியா ஆடுது. கையக் காட்டினேன், நீங்க நிறுத்தல. வழி வுட்டிருந்தா வேகம் எடுத்திருப்பீங்க, சக்கரம் கழண்டு ஓடியிருக்கும். இப்ப முடுக்கிட்டேன். தைரியமா ஓட்டிக்கினு போங்க."

அமிர்தவல்லி குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இத... இத அங்கயே சொல்றதுக்கென்ன?"

அவன் ஸ்பேனரைத் துண்டில் துடைத்தான்.

"சக்கரத்தச் சரிபாக்காம எறங்குனவங்களுக்கும் சீட்டு கெடையாதும்மா. சொல்லியிருந்தா உங்க பேரையும் அடிச்சிருப்பாரு."