மூணே மாச விசிட்

முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிய பிறகுதான் மக்தூமுக்கு மூச்சே வந்தது. மனைவி ஸுலைஹா சாயாவோடு வர, போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தான்.

“யாருக்கு மச்சான் இம்புட்டு நீளமா?”

“துபாய்ல ஒரு ஃப்ரெண்டுக்கு.”

உண்மையில் அது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். காயல்பட்டினத்துப் பெண்கள் சிலர் பேர் போடாமல் நடத்துவது. ஹதீஸ் என்னும் நபிமொழிகளைப் படமாக வரைந்து போடுவார்கள். வரைகிற ஆளுக்குக் கண், மூக்கு, வாய் வைக்க மாட்டார்கள். துபாயில் தனியாகக் கிடந்த இரண்டு வருஷமும் அவனுக்கு அதுதான் துணை.

இந்த லீவு முடிந்து போகும்போது ஸுலைஹாவையும் அங்கே கூட்டிப் போய்விட வேண்டும். அவளுக்கும் சம்மதம்தான், உம்மாவிடம் மறைப்பதுதான் பிடிக்கவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். பெண் உம்மாவை விட்டுப் போவதில்லை. அதனால்தான் பெயரில்லாத ஐடியிலிருந்து கேட்டிருந்தான்: ‘மூணு மாச விசிட்னு மாமிகிட்டச் சொல்லிட்டு, அங்கனயே வச்சிக்கிடப் போறேன். குத்தமா சகோதரி?’

‘நாளைக்குப் படமாகப் பதில் வரும்’ என்றது பக்கம்.

உள்ளறையில் மாமி, ஸுலைஹாவின் உம்மா, அவன் வாங்கி வந்த டேப்லெட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில் தெரிகிறதாம். கீழே வைப்பதே இல்லை. ஓதுகிற சத்தம்தான் வெளியே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் படம் வந்தது. முகமில்லாத ஒருவன் முத்துச்சிப்பியை நீட்டுகிறான், உள்ளே கூழாங்கல். ‘உன்னை நம்புகிறவரிடம் பொய் சொல்வது பெரிய மோசடி.’

“என்னமா வரைஞ்சிருக்காங்க!” என்று குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிட்டான்.

ஸுலைஹா முகம் மலர்ந்தாள். “அப்ப உம்மாட்ட உள்ளதச் சொல்லிருவியளா?”

“போ புள்ள. இது ஊர ஏமாத்துற யாவாரிக்குப் போட்டது. நமக்கென்ன?”

மாமி மருமகன் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். மக்தூம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மாமி, ஸுலைஹாவ விசிட்ல கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். மூணே மாசம். தொண்ணூத்தி ஒண்ணாம் நாளு உங்க வாசல்ல கொண்டாந்து விட்டுருவேன்.”

கதவுக்குப் பின்னால் மாமி டேப்லெட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“நேத்து பேஜுல எங்கிட்ட வேற மாதிரில்லா கேட்டிய, மாப்ள?”