சக்கர நாற்காலி யாருக்கு?

"சக்கர நாற்காலி எனக்குத்தாங்க. தப்பித்தவறி அப்பா பேர்ல போட்டுடாதீங்க."

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த கப்பல்காரியின் விரல்கள் நின்றன.

அந்தப் பயண அலுவலகத்தில் அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உல்லாசக் கப்பல் டிக்கெட் முழுக்க அவள் பொறுப்பு. இதுவரை ஒரு படகில்கூட அவள் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

எதிரே ஒரு அப்பாவும் மகனும். மகனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். அப்பாதான் பாவம். சுவரைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, நாற்காலி முதுகைப் பிடித்து ஒருவழியாக மேஜைக்கு வந்து சேர்ந்தார். மகன் ஒரு கை கொடுக்க வேண்டுமே? ஊஹூம். சுவரில் மாட்டியிருந்த கப்பல் படங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே கூட வந்தான்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை சார்?"

"முட்டி வலி. கொஞ்ச தூரம் நடந்தாலே உயிர் போகுது."

அவள் பேனா உருண்டு கீழே விழுந்தது. முட்டி வலிக்காரன் சட்டென்று குந்தி, மேஜைக்கடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். எழுந்திருக்கும்போது ஒரு முனகல்கூட இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தவன் போல முட்டியைத் தடவிக்கொண்டான்.

"லிஃப்ட் பக்கத்துலயே ரூம் கிடைக்குமா? எனக்கு ரொம்ப நடக்க முடியாது."

"கிடைக்கும் சார்."

"பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கணும். எனக்கு வழுக்கும். வாசப்படி உயரமா இருக்கக் கூடாது. எனக்குத் தடுக்கும்."

எனக்கு, எனக்கு, எனக்கு. பக்கத்தில் ஒரு வயதான மனுஷன் உட்கார்ந்திருப்பது இவன் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளரிடம் வாயை விட்டால் வேலை போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கரையில இறங்கும்போது சின்னப் படகுக்கு மாறணுமா?"

"வடக்கே போற கப்பல்னா மாறணும். தெற்கே போறது துறைமுகத்தை ஒட்டியே நிக்கும். சரிவுப் பலகையில இறங்கிடலாம்."

"தெற்கே போறதையே போடுங்க. எனக்குப் படகுன்னா பயம்."

"நாற்காலியைத் தள்ளக் கப்பல்ல ஆள் தர மாட்டாங்க சார். உங்களை யாரு தள்ளுவாங்க?"

"அப்பா தள்ளுவாரு."

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"நான்தாம்மா தள்ளணும். இவனுக்குத்தான் முடியலையே," என்றார் பெருமையாக.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். ஆற அமர உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டிய வயசில் இந்தத் தடியனைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம். போய்ச் சேர்வதற்குள் இவர் விழுந்து வைத்தால்?

மகனின் செல்போன் அடித்தது. "ஒரு நிமிஷம்," என்று வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படிகளில் ஏறி இறங்கியபடியே பேச ஆரம்பித்தான். முட்டி வலியை உள்ளேயே விட்டுவிட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது.

இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, அவர் வர்றதுக்குள்ள நாற்காலியை உங்க பேருக்கு மாத்திடறேன். நீங்க உட்காருங்க, அவர் தள்ளட்டும்."

பெரியவர் பதறிப்போய்க் கையை நீட்டினார். "ஐயையோ, மாத்திடாதம்மா. மாத்தினா நான் கப்பல் ஏற மாட்டேன்."

"அவருக்கு முட்டி வலியே இல்லைங்க. அங்க பாருங்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா தள்றீங்க?"

பெரியவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் காலமெல்லாம் பஸ் ஓட்டினவன். ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவனை ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போறதான்னு ஒரு வீம்பு. கைத்தடி வாங்கிக் கொடுத்தான், தொடலை. நடைவண்டி வாங்கினான், மூலையில போட்டேன். ஒரு தடவை கீழ விழுந்ததுல இருந்து வீட்டை விட்டே வெளிய வரலை. நாள் முழுக்க ஜன்னல்தான்."

"அப்புறம்?"

"திடீர்னு ஒருநாள் முட்டி வலிக்குதுன்னு சக்கர நாற்காலியோட வந்து நின்னான். அப்பா, கொஞ்சம் பூங்கா வரைக்கும் தள்ளுங்களேன்னான். பெத்த பிள்ளை கேட்கிறான், முடியாதுன்னா சொல்ல முடியும்? தள்ளினேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டதும் கால் தடுமாறலை. பூங்காவையே ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்னா பார்த்துக்கயேன். இங்கயும் அப்படித்தான் வந்தோம், படி இருக்கேன்னு நாற்காலியைக் கீழயே விட்டுட்டோம்."

கப்பல்காரி பெயரை மாற்ற வைத்திருந்த விரல்களைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"காலி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கலாமேங்க?" என்றாள் மெதுவாக.

"கனம் இல்லைன்னா அது நமக்கு முன்னாடி ஓடிடும்மா. ஆள் உட்கார்ந்தாத்தான் பிடிமானம்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகன் உள்ளே வந்தான், இந்த முறை மறக்காமல் நொண்டிக்கொண்டே.

பெரியவர் அவசரமாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"நான் நடக்கணும்னுதாம்மா அவன் உட்கார்றான். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே."