பட்டர் ஃபிங்கர்ஸ்

கொதிக்கிற சூப் கிண்ணம் அப்படியே விருந்தாளியின் மடியில் கவிழ்ந்தது.

"பட்டர் ஃபிங்கர்ஸ்!" என்று கத்திக்கொண்டே துள்ளி எழுந்தார் அவர். நேற்றுத்தான் சென்னையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருக்கும் டூர் கம்பெனிக்காரர். அவர் முகம் கோணினால் இந்த சீசனே போச்சு.

காரைக்குடியில் அந்தப் பழைய பங்களாவை ஹோட்டலாக்கியதிலிருந்து சேவுகப்பெருமாள்தான் மேனேஜர். ஓடி வந்து, ஐஸ் கட்டி கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரை ரூமுக்கு அனுப்பிவைத்தார். பிறகு சூப் பரிமாறிய அகல்யாவைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார்.

"அவர் என்ன சொன்னார்னு புரிஞ்சுச்சா?"

"இல்ல சார்."

"வெண்ணெய் தடவுன விரலாம். எதை எடுத்தாலும் நழுவ விடுறவளை இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாக. இத்தனை வருச சர்வீஸ்ல ஒரு ஸ்பூனைக்கூட நீ கீழ போட்டதில்ல. இன்னிக்கு என்ன கேடு?"

அகல்யா காலிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள்.

"சரி, ரூமுக்குப் போயி ஒரு மன்னிப்புக் கேளு. விட்டுர்றேன்."

"மாட்டேன் சார்."

சுருக்கென்றது அவருக்கு. கொட்டியதும் இல்லாமல் திமிர் வேறு.

"அப்ப யூனிஃபார்மைக் குடுத்துட்டுக் கெளம்பு!"

புருஷன் இல்லாதவள், ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள். எப்படியும் கெஞ்சுவாள் என்று காத்திருந்தார். அவளோ சேலையை மாற்றிக்கொண்டு, குன்றக்குடி பஸ் ஏறிப் போயே விட்டாள்.

சாயங்கால டிபனுக்கு டூர்காரரின் மேஜைக்கு ஆள் வேண்டும். புதிதாகச் சேர்ந்த ரோகிணியைக் கூப்பிட்டார். நாச்சியாபுரத்துப் பெண்.

"நான் போகல சார்." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன், நீயும் கொட்டிருவேன்னு பயமா?"

"அகல்யாக்கா தெரியாமக் கொட்டல சார். நான் தண்ணி ஊத்தப் போனேன். அவர் கை என் இடுப்புல இருந்துச்சு. அக்கா பாத்துட்டாக. பாத்துட்டுத்தான் கொட்டுனாக."

சேவுகப்பெருமாள் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை அவ எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எம் பேரு வெளிய வந்தா எங்கப்பா வேலைக்கே விடமாட்டாரு. அது அக்காவுக்குத் தெரியும்."

"நீயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?"

ரோகிணி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்தே சொன்னேனே சார். 'பெரிய மனுசரு, கை தவறிப் பட்டிருக்கும், போ'ன்னு நீங்கதான சொன்னீக?"