பனியனின் குரல்

ஏகாம்பரம் அணிந்திருந்த பனியனுக்கு இனிமையான பெண் குரல். அவருடைய இதயம் தாளம் தப்பினால் போதும், "விலகி நில்லுங்கள், யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மின்னதிர்ச்சி கொடுக்கும். ஏற்கெனவே இரண்டு முறை அவரை மீட்டுத் தந்திருக்கிறது. அதனால் அவர் மனைவி கோமளவல்லிக்கு அந்தக் குரலின் மேல் சாமியிடம் இருப்பது போன்ற ஒரு பயம்.

அன்று மதியம் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பனியன் பேசியது. கோமளவல்லி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கண் விழித்தவர் எச்சில் கையை அவள் பக்கம் நீட்டினார்.

"பயமா இருக்கு கோமு. கையக் குடு."

அவள் ஓரடி எடுத்து வைத்தாள். "விலகி நில்லுங்கள்" என்றது பனியன்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. அது சரின்னு சொன்னதும் வந்துடறேன்" என்று அவள் பின்னால் நகர்ந்தாள்.

மீண்டும் உடம்பு தூக்கிப்போட்டது. நீட்டிய கை தட்டில் விழுந்தது. பனியன் இன்னும் சில தடவை முயன்றது. பிறகு முயற்சியை நிறுத்திவிட்டு, அதே இனிமையான குரலில் சொன்னது:

"இனி நீங்கள் தொடலாம்."