கீரிமலைக் கேணியடியில் எடுத்த படம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், ஐந்தாம் மாடி வீட்டில், கேதீஸ்வரன் தமது இலங்கைச் சுற்றுலாப் படங்களை அகன்ற தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். தேயிலை மலைகளும் அருவியும் வயல்வெளியும் நல்லூர்க் கோபுரமும் ஒளிர்ந்து மறைகின்றன. தங்கை யோகமலர் தேநீர்க் கோப்பையை ஏந்தியபடி இமைக்காமல் பார்க்கிறாள். அவளுடைய கணவன் சிவகரன் போரின் கடைசி வாரத்தில் காணாமற் போனவன். பதினேழு ஆண்டுகளாக அவள் நெற்றியில் குங்குமம் தவறியதில்லை. அடுத்து வருகிறது கீரிமலைக் கேணியடி. ஐயருக்கு எதிரே ஈர வேட்டியோடு கேதீஸ்வரன். விரலில் தர்ப்பை, உள்ளங்கையில் எள். “ஆருக்கு அண்ணை, அப்பாவுக்கோ?” என்கிறாள். “ஓம். அப்பிடியே சிவகரனுக்கும் எள்ளுந் தண்ணியும் இறைச்சிட்டன். இன்னும் எத்தினை வருசம் பாத்துக்கொண்டிருப்பாய், பிள்ளை?” அவருடைய குரலில் கடமை முடித்த நிம்மதி. “ஆரைக் கேட்டு அவரைச் சாக்காட்டினியள்?” கோப்பை பறந்து திரையில் மோதிச் சிதறுகிறது, சுடுதேநீர் சுவரெங்கும் தெறிக்கிறது. “விசரே உனக்கு!” என்று அவர் பற்றிய கையை அவள் பல் பதியக் கடித்து உதறுகிறாள். தேநீர் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தை இரு கையாலும் ஓங்கி, திரையிலுள்ள கேணி உடையும்வரை, எள் பிடித்த கை உடையும்வரை, அடிக்கிறாள். கண்ணாடிச் சில்லுகள் மழைபோல் கொட்டுகின்றன. இறுதியில் எஞ்சிய திரை கறுத்து, அவள் முகத்தை மட்டும் காட்டுகிறது. குருதி வழியும் விரல்களை மடக்கிக்கொண்டு, காயமில்லாத மோதிர விரலால், வியர்வையில் கலைந்த குங்குமத்தை அதில் பார்த்து வட்டமாகத் திருத்துகிறாள்.